கேம்பர்வேன் விளக்கு: பெட்டியில் '10–30 வோல்ட்' இருக்கிறதா பாருங்கள்

கேம்பர்வேனுக்கு (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வேனுக்கு) எல்இடி விளக்கு வாங்கும்போது, வெறும் '12 வோல்ட்' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு '10–30 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பதை எடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது.

12 வோல்ட் பேட்டரி என்று பேர்தானே தவிர, வண்டி ஓடும்போதும் சோலாரில் சார்ஜ் ஏறும்போதும் அது 14.4 வோல்ட் வரை போகும். சாதாரண ஸ்ட்ரிப் லைட்டில் மூன்று எல்இடிக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர்தான் காவல். எல்இடிகள் மூன்றும் சேர்ந்து சுமார் 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும். பேட்டரி 14.4 வோல்ட்டுக்குப் போனால் அந்த மிச்சம் 5.4 ஆகிவிடும். அதாவது மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு! சூடேறி, ஒளி மங்கி, சீக்கிரமே போய்விடும். 10–30 வோல்ட் விளக்குக்குள் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சர்க்யூட் பெரும்பாலும் இருக்கும், பேட்டரி இறங்கினாலும் வெளிச்சம் குறையாது.

வண்டியில் ஏற்கெனவே 12 வோல்ட் ஸ்டெபிலைசர் வழியாக விளக்கு எரிகிறதென்றால் இது தேவையில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்க நினைப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: இந்த வகை விளக்குகள் பல, வெளியே மாட்டும் டிம்மரோடு ஒத்துப்போகாமல் மினுக்கும்.