புளூ நோட்டோட புது ஆளுங்க இசைய கேக்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

அமெரிக்காவோட புளூ நோட் ரெக்கார்டு லேபிள்ல இப்ப வர்ற ஜாஸ் ஆல்பங்கள போட்டுட்டு, அந்தக் கால ட்ரம்பெட்காரர் லீ மார்கன் மாதிரி இல்லையே, டிரம்மர் ஆர்ட் பிளேக்கி அடி இதுல எங்கன்னு தேடி பாதியிலயே நிறுத்திடுறவங்க நெறைய பேர். இதுதான் பெரிய தப்பு. 1939ல ஆல்ஃப்ரெட் லயன் நியூயார்க்ல இந்த லேபிள ஆரம்பிச்சப்ப ரெக்கார்ட் பண்ணது பூகி-வூகிங்கிற துள்ளலான புளூஸ் பியானோ, அப்புறம் 1947ல பியானிஸ்ட் தெலோனியஸ் மங்க் பக்கம் திரும்புனாங்க, அவரோட ரெக்கார்டு அப்ப சரியா விக்கவே இல்ல, இருந்தும் விடல. ரிகர்சலுக்கே தனியா காசு குடுத்தாங்க, அதனால ஆளுங்க சொந்தமா எழுதுன கஷ்டமான டியூனையும் தைரியமா கொண்டு வர முடிஞ்சுது. புளூ நோட் மரபுன்னு நான் சொல்றது இந்தத் துணிச்சலத்தான், அந்தப் பழைய சவுண்ட இல்ல.

அடுத்தது, ஷஃபிள்ல போட்டுட்டு வேற வேலை பாக்குறது. சாக்ஸஃபோன்காரர் இம்மானுவேல் வில்கின்ஸோட ‘ஒமேகா’ (2020) எடுத்துக்கோங்க, அதுல நாலு பாகமா ஒரே தொடர்ச்சியா போற சூட் (ஒண்ணோட ஒண்ணு கோத்த இசைத் தொகுப்பு) ஒண்ணு இருக்கு, கலைச்சுப் போட்டா அர்த்தமே போயிடும். அதுலயே மேரி டர்னர் பேர்ல ஒரு ட்ராக். 1918ல ஜார்ஜியால வெள்ளைக்கார கும்பல் கொடூரமா கொன்ன கர்ப்பிணியான கறுப்பினப் பொண்ணு அவங்க. ஆல்டோ சாக்ஸஃபோன் கதறுறப்ப அது ஏன்னு தெரிஞ்சு கேக்கணும், பேக்ரவுண்ட் மியூசிக்கா ஓடவிடுற விஷயமே இல்ல. அந்த ஆல்பத்துக்கு புரொடியூசர் ஜேசன் மோரன், அவரே 1999ல இருந்து இதே லேபிள்ல ஆல்பம் போட்ட பியானிஸ்ட். மரபு கைமாறுறது இப்படித்தான்.

ஹிப்ஹாப் கலந்தா ஜாஸே இல்லன்னு ஒதுக்கவும் வேணாம். பியானிஸ்ட் ராபர்ட் கிளாஸ்பரோட ‘பிளாக் ரேடியோ’ (2012) ஆர்&பி (ரிதம் அண்ட் புளூஸ்) பிரிவுல கிராமி வாங்குச்சு, ஆனா அதுக்கு முன்னாடி அவர் இதே லேபிள்ல பியானோ ட்ரையோ (மூணு பேர் குழு) ஆல்பம் பண்ணவர்தான். டிரம்மர் மகாயா மெக்ரேவன் 2021ல பழைய புளூ நோட் ரெக்கார்டிங்கையே வெட்டி ஒட்டி, மேல புதுசா வாசிச்சு ஒரு ஆல்பமே பண்ணார்.

சின்ன குழப்பங்களும் உண்டு: நியூயார்க் புளூ நோட் கிளப் 1981ல வந்த வேற கம்பெனி, மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பம் பேர்ல புளூ இருந்தாலும் கொலம்பியா லேபிள். அப்புறம் எல்லாம் அமெரிக்காக்காரங்கன்னு நினைக்காதீங்க, தென்னாப்பிரிக்க பியானிஸ்ட் ந்துதுசோ மகதினியும் புளூ நோட்லதான் இருக்கார், வழிபாட்டோட வைத்தியம் பாக்குற பாரம்பரிய வைத்தியரும்கூட, அந்த வழிபாட்டு உணர்வு இசையிலயே வரும்.

எங்க ஆரம்பிக்கன்னு கேட்டா, சாக்ஸஃபோன்காரர் எரிக் டால்ஃபியோட ‘அவுட் டு லஞ்ச்’ல (1964) பியானோவுக்குப் பதிலா வர்ற பாபி ஹட்சர்சனோட வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகள குச்சியால தட்டி வாசிக்கிற வாத்தியம்) எவ்ளோ இடம் விட்டு விழுதுன்னு முதல்ல கேளுங்க, உடனே ஜோயல் ராஸோட ‘கிங்மேக்கர்’ (2019) போடுங்க, அங்க பியானோவும் கூடவே இருக்கும், அதே வைப்ரஃபோன் அதுகூட எப்படி பேசுதுன்னு கவனிங்க.