பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு

தம்பி மாதிரி பழகும் ஒருவன் ஒருநாள் போன் செய்து கேட்டான்: "அக்கா, காளான் சாப்பிடலாம்னு இருக்கேன். அன்னைக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

நான் பல வருடம் இரவு வார்டில் வேலை பார்த்த செவிலியர். அவன் சொன்னது சமையல் காளான் இல்லை, மனதை மாற்றி மாயக்காட்சிகளை வரவழைக்கும் சைலோசைபின் காளான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் முடிவு செய்துவிட்டான் என்று குரலிலேயே தெரிந்தது. தனியாகச் செய்வதைவிட நான் இருப்பது மேல் என்று ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு சிலருக்கு அப்படித் துணை இருந்திருக்கிறேன். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காளானைப் போலவே மனதை மாற்றும் இன்னொரு பொருள் எல்.எஸ்.டி. அதை உருவாக்கிய சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943 ஏப்ரல் 19 அன்று தெரிந்தே முதல்முறையாக அதை எடுத்துக்கொண்டார். ஆய்வகத்தில் நிலைமை மாறத் தொடங்கியதும் தன் உதவியாளரைக் கூட வரச் சொல்லி சைக்கிளில் வீட்டுக்குப் போனார். செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நம்பினார். வந்து பார்த்த மருத்துவருக்கு, கண்மணிகள் விரிந்திருந்ததைத் தவிர உடம்பில் வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது உடம்பு நன்றாக இருக்கலாம், அதை அந்த நேரத்தில் அவரால் நம்ப முடியாமலும் போகலாம். நிதானமாக ஒருவர் கூட இருக்க வேண்டியது அதனால்தான்.

முதலில் கேள்விகள். இதைச் சில நாள் முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அன்று காலையில் கேட்டால் ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

குடும்பத்தில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியா அல்லது பைபோலார் போன்ற கடுமையான மனநோய் இருந்ததா? அவருக்கே எப்போதாவது அப்படி ஏதாவது வந்ததா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்த மருந்துகளை வைத்து நடக்கும் ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் நோயை இந்த மருந்துகள் எழுப்பிவிடலாம். பதில் "ஆம்" என்றால் நான் உட்கார மாட்டேன், அவரும் எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அடுத்து இதயம். இவை ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

பிறகு மாத்திரைகள். இங்கே அவசரப்படாதீர்கள், ஒவ்வொன்றையும் பெயரோடு கேளுங்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கு எல்.எஸ்.டி.யோ காளானோ வலிப்பைக் கொண்டுவரலாம். டிராமடால் என்ற வலி மாத்திரையும் வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும். மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் காளானின் விளைவை மங்கச் செய்யும். "ஒன்றும் ஏறவில்லையே" என்று கூடுதலாக எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதே மாத்திரைகளோடு, அமேசான் பகுதியின் மாயக்காட்சி தரும் மூலிகைக் கஷாயமான அயாஹுவாஸ்கா சேர்ந்தால், செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி உயிருக்கே ஆபத்தாகும். சரி, அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது. திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. அதைத் தீர்மானிக்க வேண்டியது மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர்தான்.

கையில் இருப்பது உண்மையில் என்ன என்பது இன்னொரு கேள்வி. எல்.எஸ்.டி. என்று விற்கும் காகிதத் துண்டில் என்.பி.ஓ.எம்.இ. வகை வேதிப்பொருள் இருந்து, அதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். எர்லிக் சோதனைத் திரவம் எல்.எஸ்.டி.யோடு சேர்ந்தால் ஊதா நிறமாகும், என்.பி.ஓ.எம்.இ.யோடு அப்படி ஆகாது. ஆனால் ஊதா வந்துவிட்டதாலேயே எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எவ்வளவு இருக்கிறது, கூடவே வேறு என்ன கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. நாக்கில் கசந்து மரத்துப்போனால் துப்பச் சொல்லுங்கள். காட்டில் பறித்த காளான் என்றால் நான் அந்த இடத்திலேயே மறுத்துவிடுவேன். பார்வைக்கு ஒத்துப்போகும் சிறு பழுப்புக் காளான்களில் ஈரலை அழிக்கும் நஞ்சுள்ளவை உண்டு. வாந்தியும் பேதியும் தொடங்கவே பல மணி நேரமாகும்.

சட்டத்தையும் நேராகப் பேசிவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் இவற்றை வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் போன்ற வெகு சில இடங்களில் மட்டுமே அனுமதி பெற்ற மையங்களில், பயிற்சி பெற்றவர் முன்னிலையில் காளான் எடுக்க முடியும். அப்படி ஒரு வழி எட்டும் தூரத்தில் இருந்தால் அதுதான் நல்லது.

இவ்வளவும் தாண்டிவிட்டால், மனநிலை. அண்மையில் காதல் முறிந்தவர், தூக்கம் கெட்டுப்போனவர், "இதை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கடைசி நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருப்பவர், இவர்களிடம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்வேன். அன்று காலையில் மனம் மாறினாலும் அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.

நேரத்தைப் பெரிதாக ஒதுக்குங்கள். காளான் நான்கிலிருந்து ஆறு மணி நேரம், எல்.எஸ்.டி. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்கூடப் போகும். எதுவானாலும் அந்த முழு நாளும் உங்களுடையது இல்லை. நீங்கள் மதுவோ வேறெதுவோ தொடக் கூடாது. அவருக்கும் மது, கஞ்சா எதுவும் வேண்டாம். கஞ்சா சேர்ந்தால் பதற்றம் சட்டென்று கூடும். இடம் தெரிந்த வீடாக, யாரும் கதவைத் தட்டாத வீடாக இருக்கட்டும். மாடியின் திறந்த பகுதி, கிணறு, சமையலறைக் கத்தி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பூட்டுங்கள். தண்ணீர், போர்வை, வாந்தி எடுக்க ஒரு பாத்திரம், மங்கலான விளக்கு. அவர் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நான் எப்போதும் செய்யும் ஒரு காரியம். ஒரு அட்டையில் அவர் கையாலேயே எழுதச் சொல்வேன்: "நான் காளான் சாப்பிட்டிருக்கிறேன். பத்து மணிக்குச் சாப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். அக்கா இருக்கிறாள்." அவரை எங்கே தொடலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வேன். கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா? அப்போது சம்மதித்ததற்கு மேல், பிறகு அவரே கேட்டாலும் போகக் கூடாது. அந்த நிலையில் சொல்லும் "சரி" உண்மையான சம்மதம் இல்லை.

அந்த முதல் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். வார்டுப் பழக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "நல்லா இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஏன் அக்கா, எனக்கு ஏதாவது ஆகுதா?" என்று திரும்பினான். அவனுக்குள் பயத்தை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அதிலிருந்து ஒரு புத்தகமோ தையலோ எடுத்துக்கொண்டு கண்ணெட்டும் தூரத்தில் சும்மா உட்காரக் கற்றுக்கொண்டேன். 2012-ல் தொடங்கிய ஜெண்டோ புராஜெக்ட் என்ற அமைப்பு, இசை விழா போன்ற இடங்களில் இவற்றை எடுத்துத் தவிப்பவர்களுக்கு இப்படித் துணை இருக்கும் வேலையைச் செய்கிறது. வழிநடத்தாதே, உட்கார்ந்திரு என்பது அவர்கள் சொல்லிக்கொடுப்பதில் ஒன்று. கடினமான நேரம் என்பதாலேயே அது கெட்ட நேரம் ஆகிவிடாது என்பது இன்னொன்று.

மூன்றாம் மணி நேரத்தில் அவன் எழுந்து நின்று, "நான் செத்துட்டேனா?" என்று கேட்டான். வாதாடவில்லை. மூச்சையும் நாடியையும் பார்த்தேன். அட்டையைக் கையில் கொடுத்தேன். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மணி ஒண்ணு. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். விளக்கை மாற்றினேன், இசையை நிறுத்தினேன், பக்கத்து அறைக்கு நடத்திக்கொண்டு போனேன். அழுதான். அழ விட்டேன். இப்படிச் சின்ன மாற்றங்களே பல நேரம் போதும்.

ஆனால் பயம் வேறு, ஆபத்து வேறு. வலிப்பு, நெஞ்சுவலி, எழுப்பினாலும் எழாமை, மூச்சுத் திணறல், உடம்பு கொதித்துத் தசைகள் விறைத்துப்போதல், தன்னையோ பிறரையோ காயப்படுத்த முயல்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆம்புலன்சை அழையுங்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து கூப்பிடத் தயங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் உயிர் போகலாம். அழைக்க வேண்டிய எண்ணும் வீட்டு முகவரியும் காலையிலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

இறங்கிய பிறகும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அன்று இரவு அவர் தனியாக இருக்க வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம். வேலையை விடுவது, யாருக்காவது போன் செய்து எல்லாவற்றையும் சொல்வது போன்ற பெரிய முடிவுகளுக்கு ஒரு வாரமாவது போகட்டும். தூக்கமே வராமல் நாட்கள் நகர்ந்தாலோ, சந்தேகங்களும் குரல்களும் விடாமல் தொடர்ந்தாலோ, பார்வையில் நிழல்களும் ஒளிக்கோடுகளும் மறையாமல் இருந்தாலோ மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மறுநாள் காலை நான் அவனுக்குப் போன் செய்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். தூங்கியிருந்தான். அந்த அட்டையைக் கிழித்துப் போடவா என்று கேட்டான். வைத்துக்கொள் என்றேன்.