குளிர்காலத்தில் வின்னிபெக்கிலிருந்து ரெஜைனாவுக்கு இரண்டு பேராகக் காரில் போவது எப்படி

கனடாவின் சமவெளியில் குளிர்காலத்தில் கார் ஓட்டப் போகிறோம் என்று சொன்னால் எல்லோரும் மைனஸ் முப்பதைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம், காருக்குள் ஹீட்டர் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை. வின்னிபெக்கிலிருந்து மேற்கே போர்டேஜ் லா ப்ரேரி வரை நிலம் பலகை மாதிரி கிடக்கும், பனியுகத்தில் இருந்த அகாசிஸ் என்ற பெரிய ஏரியின் தரை அது. தடுக்க ஒரு மேடு கிடையாது, அதனால் போன வாரம் பெய்த பனியைக்கூடக் காற்று வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்து ரோட்டில் போடும். மேலே நீல வானம், நல்ல வெயில், கீழே ரோடே தெரியாது. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அதனால் கிளம்பும் நாளைக் காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் காற்று, 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை, இரண்டும் 4 மணி நேரமாவது நீடிக்கும் என்றால்தான் இங்கே பனிப்புயல் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை இல்லை என்பதால் ரோடு நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், அரை மணி நேரம் கண் தெரியாமல் போனாலே போதும். வடமேற்குக் காற்று பலமாக வீசும் என்று இருந்தால் நாங்கள் ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடுவோம். காலையில் ரோட்டு நிலவரம் சொல்லும் மானிட்டோபா 511, சஸ்காச்சுவான் ஹைவே ஹாட்லைன் இரண்டையும் பாருங்கள், ஏனென்றால் பாதி வழியில் மாகாணம் மாறிவிடும்.

முந்தின இரவு வேலைகள்: இன்ஜினின் பிளாக் ஹீட்டரை (கரன்ட்டில் சொருகி இன்ஜினைச் சூடாக்கும் கருவி) டைமரில் போட்டு, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு ஆன் ஆகும்படி வையுங்கள். டயரில் காற்றைச் சரிபாருங்கள், குளிர் ஐந்தாறு டிகிரி இறங்கினாலே ஒரு பி.எஸ்.ஐ. குறையும். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் நாற்பதுக்கு உரியதாக இருக்கட்டும், ஒரு கேன் கூடுதலாகவும் வேண்டும், லாரிக்குப் பின்னால் போனால் அது தண்ணீராய்ச் செலவாகும்.

சாப்பாட்டை டிக்கியில் வைக்காதீர்கள். நான் ஒரு தடவை புளியோதரையும் வாழைப்பழமும் வைத்து, வழியில் உள்ள பிராண்டன் ஊரில் திறந்தபோது சாதம் கல்லாகி, பழம் கறுத்துப் போயிருந்தது. ஹாட்பாக்ஸ், பிளாஸ்க்கில் சுக்குக் காபி, தண்ணீர் எல்லாம் கால் பக்கத்தில் இருக்கட்டும். தடிமனான கோட், பூட்ஸ், கையுறை, இரண்டு போர்வை பின் சீட்டில். மண்வாரியும் ஜம்பர் கேபிளும் டிக்கியில் இருக்கலாம்.

தூரம் சுமார் 575 கிலோமீட்டர். காய்ந்த ரோட்டில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் வின்னிபெக்கில் சூரியன் எட்டரை மணி வாக்கில்தான் வரும், நாலரைக்கு மறைந்துவிடும். ஆனால் மேற்கே போவதில் ஒரு லாபம் உண்டு: குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், ரெஜைனாவிலோ ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்கும். எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பும்போது அந்த அரை மணி கிடைக்காது.

ஓட்டும்போது ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள். பகலில் தானாக எரியும் விளக்கை நம்பினால் பல கார்களில் பின்விளக்கு எரியாது, பனிப்புழுதிக்குள் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நிற்கும் இடத்திலெல்லாம் பின்விளக்கில் ஒட்டியிருக்கும் பனியைத் துடையுங்கள், எல்இடி விளக்கின் சூட்டில் அது உருகாது. ரோடு வழுக்கினால், வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், போர்டேஜ், பிராண்டன், வெர்டன், மூசோமின் என்று நிரப்பிக்கொண்டே போங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: யாருக்கு முதலில் பயம் வருகிறதோ அவர் சொல்வதுதான் முடிவு, மற்றவர் வாதாடக் கூடாது. ஓட்டுகிறவருக்கு "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றே தோன்றும், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் நிலைமை புரியும். மூன்று வருடம் முன்பு வெர்டனை நெருங்கும்போது முன்னால் போன லாரி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நான் "ஏங்க, போதும், ஊருக்குள் போயிடலாம்" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஊருக்குள் திருப்பினார். அன்று ராத்திரி மோட்டலில் ரூம் எடுத்து, மிச்சமிருந்த சாதத்தைச் சாப்பிட்டுத் தூங்கினோம். காலையில் எழுந்தால் மேற்கே போகும் ரோட்டை மூடியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்று வரை என்னிடம் முகம் சுளித்ததில்லை, எனக்கு அது பெரிய விஷயம்.

அப்படியும் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். நூறடி தள்ளிப் போனாலே கார் எங்கே என்று தெரியாமல் போகும். புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். போனை உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

நல்ல நாள் அமைந்தால் இதைப் போல ஒரு பயணம் இல்லை. ரயில் பாதை பல இடங்களில் ரோட்டை ஒட்டியே வரும், தானிய வண்டிகள் முடிவே இல்லாமல் கடந்து போகும், வெயிலில் பனித்துகள் மின்னும்போது சூரியனுக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சூரியன் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரியும். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசாமல் இருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும்.

ரெஜைனாவில் ரூம் புக் செய்யும்போதே காருக்கு ப்ளக் பாயின்ட் உண்டா என்று கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதில் காரைச் சொருகுங்கள், அப்புறம் பெட்டியை எடுக்கலாம். காலையில் கிளம்பும்போது வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.