டெல்டாவில் களத்துமேட்டில் நின்று செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது எப்படி?

ஐந்து வாட் சக்தியுள்ள ஒரு கையடக்க வாக்கி டாக்கி, வீட்டிலேயே செய்த ஓர் ஆன்டெனா. இவ்வளவை வைத்துக்கொண்டு திருவாரூர்ப் பக்கம் வயல்வெளியில் நிற்கும் ஒருவர் சுமத்ராவில் இருப்பவரோடு பேசலாம். நடுவில் செல்போன் கோபுரமும் இணையமும் கிடையாது. பூமியைச் சுற்றிவரும் ஒரு சின்ன செயற்கைக்கோள் நம் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அந்த நொடியே இன்னோர் அலைவரிசையில் திருப்பி அனுப்புகிறது.

ஹாம் ரேடியோக்காரர்களின், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களின், முதல் செயற்கைக்கோள் ஆஸ்கர்-1, 1961 டிசம்பர் 12-இல் ஏவப்பட்டது. நம் நாட்டின் ஹாம்சாட் 2005 மே 5-இல் பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போய், 2014 வரை உழைத்தது. இன்று நாம் பயன்படுத்தப் போவது வேறு இரண்டு: சர்வதேச விண்வெளி நிலையம், அப்புறம் இந்தோனேசியாவின் ஐஓ-86.

டெல்டாக்காரர்களுக்கு இதில் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று, நிலம் தட்டை. மலை மறைக்காததால் செயற்கைக்கோள் அடிவானத்தில் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே கேட்கத் தொடங்கிவிடும். இன்னொன்று, நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். இது எவ்வளவு பெரிய வசதி என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 1: உரிமம்

பேசுவதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் உரிமம் கட்டாயம் வேண்டும். 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். இரண்டு வகை உரிமங்களில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ வகைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை. செயற்கைக்கோள் வேலைக்கு வேண்டிய 145, 435 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் அந்த வகைக்கும் உண்டு. உரிமம் வந்ததும் ‘வியூ3’ என்று தொடங்கும் கால்சைன், அதாவது அழைப்புக்குறி, ஒன்று உங்களுக்கென்றே கிடைக்கும்.

ஆன்லைனில் வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புக் கருவியை வைத்திருப்பதே சட்டச் சிக்கல். தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் காதைப் பழக்குங்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் கேட்கும் திறமைதான்.

படி 2: கேட்கும் கருவி

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு சின்ன யுஎஸ்பி கருவி இருக்கிறது. இது அலைகளை வாங்க மட்டும் செய்யும், அனுப்பாது. லேப்டாப்பில் எஸ்டிஆர் ஷார்ப் அல்லது எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் மென்பொருளைப் போட்டு, ‘என்எஃப்எம்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அலைவரிசை திரையில் கோடாகத் தெரிவதால், செயற்கைக்கோளின் சிக்னல் மெல்ல இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடக்கநிலையாளருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து.

படி 3: எப்போது, எந்தப் பக்கம்?

செயற்கைக்கோள் நம் அடிவானத்துக்கு மேலே எழுந்து மறையும் வரையுள்ள நேரத்தை ‘பாஸ்’ என்போம். போனில் லுக்4சாட் செயலியைப் போட்டு, உங்கள் ஊரைக் குறித்துக்கொண்டால் ஒவ்வொரு பாஸும் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று காட்டிவிடும். கம்ப்யூட்டரில் ஜிபிரெடிக்ட் இருக்கிறது. பாதைத் தரவைச் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய தரவு நேரத்தைப் பிசகச் செய்யும்.

விண்வெளி நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் வரும்: தென்மேற்கில் எழுந்து வடகிழக்கில் கடல் பக்கம் இறங்கும், அல்லது வடமேற்கில் எழுந்து தென்கிழக்கில் இறங்கும். நம் ஊருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பாஸ், அதில் ஒன்றிரண்டுதான் நன்றாக உயரும். நல்ல பாஸ் ஒன்று பத்து நிமிடம் நீடிக்கும்.

ஐஓ-86 கதையே வேறு. இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 செயற்கைக்கோள்தான் இது. 2015 செப்டம்பர் 28-இல் நம் நாட்டின் விண்ணாய்வுச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட்டோடு சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியது. சுமார் 650 கிலோமீட்டர் உயரம். இதன் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ 6 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. தஞ்சாவூர் இருப்பது 10.8 டிகிரி வடக்கில். அதனால் அது ஒவ்வொரு சுற்றிலும் நம் தென்வானத்தைக் கடக்கிறது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல். மேற்கே எழுந்து, இலங்கைப் பக்கமாகச் சரிந்து, கிழக்கே இறங்கும். நமக்குத் தெரியும் உச்ச உயரம் பாஸைப் பொறுத்து 10 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்குள். ஐரோப்பாவில் இருக்கும் ஹாம் ஒருவர் தன் வீட்டிலிருந்து இதை ஒருமுறைகூடக் கேட்க முடியாது. இந்தப் பாஸ் போனால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அடுத்தது வரும் என்பது கற்றுக்கொள்கிறவருக்கு எவ்வளவு தைரியம் தருகிறது!

ஒரே நிபந்தனை, அதன் பேச்சு ரிப்பீட்டர் (குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) எப்போதும் ஓடாது, அட்டவணைப்படிதான் இயக்குவார்கள். விண்வெளி நிலையத்திலும் சில நாள் அணைத்து வைப்பார்கள். எது இப்போது உயிரோடு இருக்கிறது என்பதை ஹாம் செயற்கைக்கோள்களுக்கான ஆம்சாட் அமைப்பின் நிலவரப் பக்கத்தில் உலகெங்கும் உள்ள ஹாம்கள் பதிவு செய்கிறார்கள். வயலுக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: ஆன்டெனா செய்வோம்

வேண்டியவை: எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் பிவிசி பைப் இரண்டு அடி, மூன்று மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, ஆர்ஜி-58 கேபிள் ஒன்றரை மீட்டர், கருவிக்குப் பொருந்தும் கனெக்டர். அலுமினியக் கம்பியும் வேலை செய்யும். ஆனால் அதில் ஈயப்பற்று ஒட்டாது. டிஷ் கேபிளின் வெளிவலையும் பெரும்பாலும் அலுமினியம்தான். அதனால் கேபிள் சேரும் கம்பி பித்தளையாக இருப்பது நல்லது.

1. முதல் கம்பி 34 சென்டிமீட்டர். பைப்பில் கைப்பிடிக்கு இடம் விட்டு, குறுக்கே துளையிட்டுச் செருகுங்கள்.
2. அதிலிருந்து 14 சென்டிமீட்டர் தள்ளி நடுக்கம்பி. இது 16 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு, இடையில் அரை சென்டிமீட்டர் இடைவெளி. கேபிளின் உள்கம்பியை ஒரு துண்டிலும் வெளிவலையை மற்றதிலும் பற்றவையுங்கள்.
3. இன்னும் 14 சென்டிமீட்டர் தள்ளி 30 சென்டிமீட்டர் கம்பி. குட்டையான இந்தப் பக்கம்தான் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும்.

மூன்று கம்பியும் ஒரே தளத்தில் இருக்கட்டும். பற்றவைத்த இடத்தை எம்-சீல் வைத்து மூடுங்கள். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடிக்காரர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது; உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் இணைப்பைத் தின்றுவிடும். இந்த ஆன்டெனா 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்பதற்கானது. இதில் ஒலிபரப்ப நினைத்தால், முதலில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

படி 5: இடம் பார்த்து நின்று கேளுங்கள்

தென்னந்தோப்பு நிழலாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்த மட்டைகள் 435 மெகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். களத்துமேடு, ஆற்றுக்கரை, அறுவடை முடிந்த வயல், மொட்டைமாடி எல்லாம் சரி. உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலும் நிற்காதீர்கள், இரைச்சல் அதிகம். இடி மின்னல் இருக்கும்போது திறந்த வெளியில் ஆன்டெனாவோடு நிற்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இடித்தால், எத்தனை நல்ல பாஸாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பலவீனமான சிக்னலையும் இரைச்சலையும் அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச்சை முழுதும் திறந்து வையுங்கள். செயற்கைக்கோளின் குரல் முதலில் இரைச்சலுக்குள்ளிருந்துதான் வரும். ஸ்குவெல்ச் மூடியிருந்தால் அதைக் கேட்காமலே தவறவிடுவீர்கள்.

விண்வெளி நிலையம் பேசும் அலைவரிசை 437.800 மெகாஹெர்ட்ஸ். ஆனால் நெருங்கி வரும்போது அது உயர்ந்தும், விலகிப் போகும்போது தாழ்ந்தும் கேட்கும். இதுதான் டாப்ளர் விளைவு. ஆகவே எழும்போது 437.810-இல் தொடங்கி 437.805, உச்சியில் 437.800, பிறகு 437.795, இறங்கும்போது 437.790 என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். வாக்கி டாக்கியில் இந்த ஐந்தையும் வரிசையாக மெமரியில் போட்டுவிட்டால் ஒரு பொத்தான்தான். ஐஓ-86 பேசுவது 435.880-இல், அங்கும் இதே கணக்கு.

அடிவானத்தில் இருக்கும்போது விண்வெளி நிலையம் நம்மிடமிருந்து 2,300 கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு நேரே வந்தால் 420 கிலோமீட்டர். சிக்னல் முப்பது மடங்கு கூடுகிறது. ஆனாலும் புதியவர்கள் நேர் உச்சியில் போகிற பாஸைத் தேடாதீர்கள். உச்சியைக் கடக்கும் நிமிடத்தில் திசை சட்டென்று மாறிவிடும், கை தடுமாறும். 30 முதல் 60 டிகிரி உயரும் பாஸ்தான் பழகுவதற்கு நல்லது.

இன்னொன்று, குரல் திடீரென்று மங்கினால் திசை தவறிவிட்டது என்று பதறி ஆன்டெனாவை அங்கும் இங்கும் ஆட்டாதீர்கள். அதே திசையில் வைத்தபடி, சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்புங்கள். அலையின் சாய்வும் ஆன்டெனாக் கம்பிகளின் சாய்வும் பொருந்தியதும் குரல் திரும்பி வரும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800-இல் எஸ்எஸ்டிவி முறையில், அதாவது படத்தை ஒலியாக மாற்றி, படங்கள் அனுப்பும் நாட்களைத் தவறவிடாதீர்கள். போனில் ரோபோட்36 செயலியைத் திறந்து ஒலிபெருக்கி அருகில் வைத்தால், படம் வரிவரியாகத் திரையில் விரியும். கருவி, கணக்கு எதுவும் தெரியாதவர்களையும் அது பிடித்து நிறுத்திவிடும்.

படி 6: பேசுவது

உரிமம் வந்துவிட்டது, காதும் பழகிவிட்டது. வாக்கி டாக்கியில் இப்படி அமையுங்கள்:

- விண்வெளி நிலையம்: அனுப்புவது 145.990, டோன் 67 ஹெர்ட்ஸ், கேட்பது 437.800.
- ஐஓ-86: அனுப்புவது 145.880, டோன் 88.5 ஹெர்ட்ஸ், கேட்பது 435.880.

அனுப்பும் பக்கம் டாப்ளர் சுமார் மூன்று கிலோஹெர்ட்ஸ்தான், அதை விட்டுவிடலாம். டோனை, அதாவது குரலோடு சேர்த்துக் கருவி அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலியை, விட்டுவிட முடியாது. அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளாது. ஐந்து வாட்டும், அரை மீட்டர் நீள விப் (குச்சி) ஆன்டெனாவும் நன்றாக உயரும் பாஸுக்குப் போதும்.

உங்கள் குரல் திரும்பி வருவதை நீங்களே கேட்டுக்கொண்டு பேசுவதுதான் சரியான முறை. வாக்கி டாக்கி அனுப்பட்டும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் நீங்கள் செய்த ஆன்டெனாவோடு கேட்கட்டும், ஹெட்போனில். இரண்டையும் சில மீட்டர் தள்ளி வையுங்கள், நண்பர் ஒருவர் ஆன்டெனா பிடித்தால் இன்னும் சுலபம். காரணம், 145.990-இன் மும்மடங்கு 437.970. விண்வெளி நிலையத்தைக் கேட்கும் இடத்துக்கு அது மிக அருகில் விழுந்து காதை அடைத்துவிடும். ஐஓ-86-இல் இந்தத் தொல்லை குறைவு, அதனால்தான் முதல் பேச்சுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

இத்தனை பேருக்கும் ஒரே ஒரு பேச்சு வழி என்பதால் சுருக்கமே மரியாதை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுங்கள். இடைவெளி வந்ததும் கால்சைனும் கிரிடும் (உங்கள் இடத்தின் கட்டக் குறியீடு, படி 7-இல் சொல்கிறேன்) எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொன்னால் போதும்: “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ…, மைக் கிலோ நைன் ஜீரோ.” எதிரில் இருப்பவர் உங்கள் கால்சைனைச் சொல்லித் தன் கிரிடைத் தருவார். நன்றி சொல்லி விலகிவிடுங்கள். உங்கள் குரலே திரும்பக் கேட்கவில்லை என்றால் மறுபடி மறுபடி அழைக்காதீர்கள். மற்றவர்களுடைய பேச்சின் மேல் ஏறிவிடுவீர்கள்.

புயல் நேரத்துக்கு இது உதவுமா என்று பலர் கேட்பார்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது மின்சாரமும் செல்போனும் படுத்த ஊர்களில் இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். பத்து நிமிடத்தில் போய்விடும் செயற்கைக்கோளை மட்டும் நம்பக்கூடாது. ஊருக்குள் தகவல் சொல்ல 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஎச்எஃப் அலைகளில் நேரடிப் பேச்சும், தூரத்துக்கு எச்எஃப் எனும் சிற்றலையும்தான் முதுகெலும்பு. ஆனால் பேட்டரியில் கருவி ஓட்டவும், பலவீனமான சிக்னலில் கால்சைனைப் பிடிக்கவும், சுருக்கமாகப் பேசவும் இங்கே வரும் பழக்கம் அந்த நாளில் அப்படியே கைகொடுக்கும்.

படி 7: குறித்து வைப்பது

பேசும்போது எழுத நேரம் இருக்காது. போனில் குரல்பதிவை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து தேதி, நேரம், கால்சைன், கிரிட், செயற்கைக்கோள் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில், அதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து. விடியற்காலை பாஸ் என்றால் தேதி முந்தைய நாளாகிவிடும், கவனம்.

கிரிட் என்பது பூமியை டிகிரிக் கட்டங்களாகப் பிரிக்கும் முகவரி. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை, காரைக்கால், கோடியக்கரை எல்லாம் எம்கே90. கும்பகோணத்துக்கு வடக்கே 11 டிகிரிக் கோடு ஓடுகிறது. அதைத் தாண்டிய திருப்பனந்தாள், ஆனைக்கரை, மயிலாடுதுறை, சீர்காழி, பூம்புகார் எம்கே91. புதுக் கட்டங்களைச் சேகரிப்பதற்காகவே பல நாட்டு ஹாம்கள் காத்திருப்பார்கள். எம்கே90-இல் சில தொடர்புகள் அமைந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வாக்கி டாக்கியையும் ஆன்டெனாவையும் கட்டிக்கொண்டு ஆனைக்கரைக்குப் போங்கள். கொள்ளிடக் கரையில் தெற்குப் பக்கம் மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, எம்கே91 என்று சொல்லி அழையுங்கள்.