இராக் கிளர்ச்சியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், அமெரிக்கா படையெடுத்துச் சதாம் உசேனைக் கவிழ்த்த 2003க்குப் பிந்தைய இராக் பற்றி ஒரு பின்னணிக் கட்டுரை கேட்பேன். ஆட்கள் மாறுகிறார்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள்தான் வருகின்றன. பெயர்ப் பிழைகளைப் பிழை திருத்துபவர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணில் படாதவை இவை.

கர்பலாவிலிருந்து தொடங்குவது

வேண்டாம். ஷியா, சன்னி பிளவை ஆழமாக்கிய, 680இல் அங்கே நடந்த போரை வைத்து 2003ஐ விளக்க முடியாது.

வேலையின்மையைத் தனியாக, மதப்பிரிவைத் தனியாக எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ‘காரணம் 1: ராணுவக் கலைப்பு. காரணம் 2: சன்னி, ஷியா பகை’ என்று எண் போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு தம்பி, ‘சதாமின் சன்னி ராணுவம் வேலையிழந்து துப்பாக்கி தூக்கியது’ என்று எழுதிக்கொண்டு வந்தார். “சரி, பஸ்ராவைச் சேர்ந்த சிப்பாய் என்ன ஆனார்?” என்று கேட்டேன். முழித்தார்.

பஸ்ரா ஷியாக்கள் நிறைந்த தெற்கு நகரம். அந்த ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். அதிகாரிகள் மட்டத்தில்தான் சன்னிகளின் கை ஓங்கியிருந்தது. 2003 மே 23 அன்று, இராக்கில் அமெரிக்கத் தரப்பின் நிர்வாகத் தலைவராக இருந்த பால் பிரெமர் ராணுவத்தைக் கலைத்துப் போட்ட 2ஆம் ஆணை இரு தரப்பையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பியது. ஏறக்குறைய 4 லட்சம் பேர். ‘சண்டை போடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்’ என்று அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டுச்சீட்டை நம்பிப் போனவர்களும் அதில் உண்டு. ஜூன் 18 அன்று பாக்தாத்தில் ஆர்ப்பாட்டம் செய்த முன்னாள் வீரர்கள்மீது அமெரிக்கப் படையினர் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அப்புறம் சில நாட்களிலேயே உதவித்தொகை அறிவிப்பு வந்தது. சதாமின் பாத் கட்சியின் மூத்த உறுப்பினர்களுக்கு மட்டும் கிடையாது.

வெறும் வயிற்றுப் பிரச்சினை என்றால் பணம் வந்ததும் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லையே! மே 16இல் வந்த 1ஆம் ஆணை அந்த மூத்த உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்தே விலக்கியிருந்தது. ஜூலையில் அமெரிக்கர்கள் அமைத்த இராக்கியர்களின் இடைக்கால ஆளுங்குழுவின் 25 இடங்களோ 13 ஷியா, 5 சன்னி அரபு, 5 குர்து, 1 துருக்மேன், 1 அசிரியர் என்று பங்கு பிரிக்கப்பட்டன. சன்னி நகரமான ரமாதியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கர்னலாக இந்த மூன்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: வேலை மட்டுமா போனது, தன் ஆட்களுக்கே இனி இடமில்லை என்றுதான் தோன்றும். பஸ்ராக்காரருக்கும் சம்பளம் நின்றது. ஆனால் புதிய அரசு அவருக்கு அந்நியமாகத் தெரியவில்லை. கோபம் மிஞ்சிய ஷியா இளைஞர்களுக்கு ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் மஹ்தி படை இருந்தது. 2004இல் அவர்களும் அமெரிக்கர்களோடு மோதினார்கள், ஆனால் தனிக் கொடியின் கீழ்.

ஆயுதக் கிடங்குகளை மறப்பது

பாக்தாத்துக்குத் தெற்கே உள்ள அல் கக்கா கிடங்கிலிருந்து மட்டும் 300 டன்னுக்கு மேல் வீரியமான வெடிபொருள் காணாமல் போனதாக 2004இல் இராக் அரசே சர்வதேச அணுசக்தி முகமைக்குத் தெரிவித்தது.

கிளர்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்பது

இல்லை.

2007இல் கதையை முடிப்பது

சன்னிகள் நிறைந்த அன்பார் மாகாணத்தில் பழைய கிளர்ச்சியாளர்கள் பலர் மாதம் சுமார் 300 டாலருக்கு அமெரிக்கர் பக்கம் வந்ததோடு கட்டுரையை மங்களம் பாடி முடிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பின்னால் ஷியா பிரதமர் மாலிகியின் அரசு படைகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. பழைய ராணுவத்தின் கர்னலான ஹாஜி பக்ர், ஐ.எஸ். அமைப்பின் கட்டமைப்பை வகுத்தவர்களில் முக்கியமானவர். அவர் பெயர் இல்லாத கட்டுரையை இப்போதெல்லாம் நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.