ஒவ்வொரு தலைப்பாக போல்ட் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்

நண்பர் ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துவிட்டார், 240 பக்கம். நெறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு “உள்தலைப்பெல்லாம் 14 பாயின்ட்டில் இருக்கட்டும்” என்று மட்டும் சொல்ல, மனிதர் இரண்டு ராத்திரி கண்விழித்து, மவுஸால் ஒவ்வொரு தலைப்பாகத் தேய்த்துத் தேய்த்து மாற்றினார். அப்படியும் ஏழெட்டு விட்டுப்போயிருந்தது. ஸ்டைல் (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு பெயரில் வைத்திருக்கும் வடிவமைப்பு) போட்டுத் தட்டச்சு செய்திருந்தால் அரை நிமிட வேலை.

நான் வேர்டு மாதிரியான லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், அதை வைத்தே சொல்கிறேன். F11 அழுத்தினால் ஓரத்தில் ஸ்டைல் பட்டியல் வரும். இயல் தலைப்பு இருக்கும் வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+1 அழுத்துங்கள், அது ஹெடிங் 1. உள்தலைப்புக்கு கன்ட்ரோல்+2. சாதாரணப் பத்திக்கு கன்ட்ரோல்+0. வரியைத் தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம், கர்சர் அங்கே இருந்தால் போதும். இந்த நேரத்தில் அது பார்க்க எப்படி இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள், எது தலைப்பு எது பத்தி என்று மட்டும் சொல்லிக்கொண்டே போங்கள்.

அப்புறம் பட்டியலில் ஹெடிங் 2 மேல் வலது க்ளிக் செய்து எடிட் போய் எழுத்துரு, அளவு, மேலே கீழே இடைவெளி எல்லாவற்றையும் ஒரே தடவை அமைத்துவிடுங்கள். ஓகே கொடுத்ததும் ஆவணத்தில் உள்ள அத்தனை உள்தலைப்பும் மாறிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்: ஃபான்ட் பகுதியில் வெஸ்டர்ன் என்று ஒன்றும் காம்ப்ளெக்ஸ் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும் (பழைய பதிப்புகளில் இரண்டாவதன் பெயர் சிடிஎல்). தமிழ் எழுத்துக்கு இரண்டாவதுதான் செல்லும். வெஸ்டர்னில் 14 போட்டுவிட்டு “ஒன்றுமே மாறவில்லையே, இது சரியில்லாத சாஃப்ட்வேர்” என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்யுங்கள். வேர்டிலும் இதே கதைதான், ஸ்டைலை மாடிஃபை செய்யும்போது ஃபான்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனியாக இருக்கும்.

நண்பரின் கோப்பில் இன்னொரு கூத்து. புது இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று பத்துப் பதினைந்து என்டர் தட்டித் தள்ளியிருந்தார், முன்னால் ஒரு பத்தி கூடினால் எல்லாம் சரிந்துவிடும். ஹெடிங் 1 ஸ்டைலில் டெக்ஸ்ட் ஃப்ளோ பகுதிக்குப் போய் பிரேக்ஸ் என்பதன் கீழே இன்சர்ட்டை டிக் செய்து, பேஜ், பிஃபோர் என்று வைத்தால் இயல் தானாகவே புதுப் பக்கத்துக்குப் போகும். வெற்று என்டர்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க கன்ட்ரோல்+F10.

மேற்கோள் பாடல்களுக்கு “பாடல்” என்று சொந்தமாக ஒரு ஸ்டைல் உருவாக்கிக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, இடது ஓரச் சீரமைப்பு. இரு ஓரமும் சமன் செய்யும் ஜஸ்டிஃபை இங்கே வேண்டாம், ஷிஃப்ட்+என்டர் போட்டு அடி பிரித்தால் சீர்கள் இழுபட்டு நாலு சொல் பக்கம் முழுக்கப் பரவி நிற்கும்.

ஏற்கெனவே கையால் அலங்கரித்துவிட்ட கோப்பா? ஸ்டைல் போட்டும் மாறவில்லை என்றால் பழைய கைவேலை மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வரியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+M அழுத்துங்கள், போய்விடும். ஆனால் சோம்பல்பட்டு மொத்தக் கோப்பையும் தேர்ந்தெடுத்து இதை அழுத்திவிடாதீர்கள், நூல் பெயர்களுக்கு நீங்கள் கையால் போட்ட சாய்வெழுத்தும் சேர்ந்து போகும்.

தலைப்புகள் சரியான ஸ்டைலில் இருந்தால் பொருளடக்கத்தைக் கையால் தட்ட வேண்டாம், இன்சர்ட் மெனுவில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் கொடுத்தால் பக்க எண்ணோடு வந்துவிடும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பிரின்ட் கொடுப்பதற்கு முன் அதன்மேல் வலது க்ளிக் செய்து அப்டேட் கொடுங்கள், நண்பர் அதையும் மறந்துவிட்டு முதல் பிரதியை பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்.