டயப்பர் புண் ஆறவில்லையா? பூஞ்சையா பாக்டீரியாவா என்று முதலில் பாருங்கள்

குழந்தையின் தொடை இடுக்கை விரித்துப் பாருங்கள். வெறும் ஈரமும் உரசலும்தான் காரணமென்றால் டயப்பர் படும் மேடான இடங்கள் சிவந்திருக்கும். மடிப்பின் உட்புறம் பெரும்பாலும் தப்பியிருக்கும். மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாகி, ஓரத்தைத் தாண்டியும் கடுகுபோல் சிவப்புப் பொரிகள் சிதறியிருந்தால் காண்டிடா பூஞ்சை என்று சந்தேகியுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு இது அதிகம் வரும். குடலில் பூஞ்சையை அடக்கி வைத்திருந்த பாக்டீரியாவை மருந்து குறைத்துவிடும். மலத்தோடு இறங்கும் பூஞ்சை ஈரத்தோலில் பற்றிக்கொள்ளும்.

தேன் நிறப் பொருக்கு, சீழ்க் கொப்புளம் என்றால் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. ஆசனவாயைச் சுற்றி மட்டும் கோடு போட்டதுபோல் சிவந்து, மலம் போகும்போது குழந்தை அலறினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து வேண்டும். இரண்டையும் டாக்டரிடம் காட்டாமல் கைவைக்காதீர்கள்.

பூஞ்சைக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். 1% கிளோட்ரிமசோல் கிரீமை நாளுக்கு 2 முறை, மடிப்புக்குள்ளும் பொரிகள் மேலும் மெல்லிசாகத் தடவுங்கள். அது தோலில் இறங்கியபின் மேலே ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். வரிசையை மாற்றினால் மருந்து தோலுக்கே போகாது. அடுத்த தடவை மலம் பட்ட மேற்பூச்சை மட்டும் துடையுங்கள்; அடிவரை சுரண்டினால் புதுத்தோலும் கூடவே உரியும். ஓரிரு நாளில் சிவப்பு மங்கும். அங்கேயே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. 7 முதல் 14 நாள் வரை டாக்டர் சொன்ன காலம் முழுக்கத் தடவ வேண்டும்.

மருந்துக்கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று தரும் கலவை கிரீமை வாங்காதீர்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரிய ஸ்டீராய்டு இருக்கும். டயப்பரின் மூட்டத்தில் அது உடம்புக்குள் அதிகம் உறிஞ்சப்படும், தோலையும் மெலிய வைக்கும். சிவப்பு மறையும், பூஞ்சை வளரும். டால்கம் பவுடரும் வேண்டாம். மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து.

வாயையும் பாருங்கள். பாட்டிமார் அக்கரம் என்று சொல்லும் வெள்ளைப் படலம் பல நேரம் இதே பூஞ்சைதான். பால் ஏடு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பூஞ்சைப் படலம் ஒட்டியிருக்கும், சுரண்டினால் ரத்தம் கசியும். டாக்டர் எழுதித் தரும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்தைப் பால் குடித்தபின் இரு கன்னங்களின் உள்பக்கமும் விடுங்கள். வெள்ளை மறைந்த பிறகும் 2 நாள் தொடருங்கள். தாயின் முலைக்காம்பில் எரிச்சல் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மாறி மாறித் தொற்றும். பால் புட்டியின் நிப்பிளைத் தினமும் கொதிக்க வையுங்கள். வெங்காரத்தை (போராக்ஸ்) தேனில் குழைத்து நாக்கில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காரம் நஞ்சு, ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், வேகமாகப் பரவும் சிவப்பு, ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொப்புளம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.